சுங்கை சிப்புட் கடைவீட்டு மொட்டை மாடி: 12 வருட அனுபவம்

மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எங்கள் கடையில் ஒழுகும். அதுதான் எங்களை ரொம்ப நாள் ஏமாற்றியது. மழை பெய்யும்போது எல்லாம் காய்ந்து இருக்கும், கடை அடைக்கும் நேரத்தில் மேல்மாடிச் சாமான் அறையில் அரிசி மூட்டை மேல் சொட்டிக்கொண்டிருக்கும்.

அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு 2013இல் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இந்த இரண்டு மாடிக் கடைவீட்டை வாங்கினார். கீழே எங்கள் மளிகைக் கடை, மேலே முன்பாதியை டியூஷன் நடத்துபவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம், பின்பாதி சாமான் அறை. தளம் 20 அடி அகலம், 70 அடி நீளம், ஓடு இல்லை, தகரம் இல்லை, கான்கிரீட் மொட்டை மாடி. வாங்கும்போது யாருமே மேலே ஏறிப் பார்க்கவில்லை. கடைவீடு வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான், ஏணி எடுத்துக்கொண்டு போய் ஏறிப் பாருங்கள், அதுவும் மழை பெய்த மறுநாள் பாருங்கள்.

நம் ஊர் வானிலை மொட்டை மாடிக்கு எவ்வளவு கொடுமையானது என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. பனி இல்லை, புயல் இல்லை, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். மத்தியானம் தளத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது, நாலு மணிக்கு இடியோடு கொட்டுகிற மழையில் அதே தளம் சில நிமிடத்தில் குளிர்ந்துவிடும். கான்கிரீட் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். எங்கள் தளம் 21 மீட்டர், 25 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் 5 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கிட்டத்தட்ட தினமும் இது நடக்கும். மேலே என்ன பூசினாலும் அது அந்த 5 மில்லிமீட்டரோடு சேர்ந்து இழுபட்டுச் சுருங்க வேண்டும், முடியாவிட்டால் விரிசல் விடும். முதலில் விரிசல் விடுவது தளத்தின் நடுவில் இல்லை, கைப்பிடிச்சுவரும் தளமும் சேருகிற மூலையில்.

2013 கடைசியில் ஒரு குத்தகையாளரை (காண்டிராக்டரை) வைத்து வெள்ளை அக்ரிலிக் பூச்சு அடித்தோம், 2,800 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் தண்ணீர் தேங்குகிற இடத்தில் மட்டும் பூச்சு மெதுமெதுவென்று ஆகி, நகத்தால் சுரண்டினால் தோல் மாதிரி கையோடு வந்தது. அக்ரிலிக் மோசமான சரக்கு என்று நான் சொல்லவில்லை, வெயிலைத் தாங்கும், சூட்டைக் குறைக்கும், விலையும் கட்டுப்படி. ஆனால் நாள் கணக்கில் தேங்கி நிற்கிற தண்ணீரை அது தாங்காது. அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2016இல் இன்னொருவர் வந்தார். தார் விரிப்புதான் சரி, நெருப்பு காட்டி ஒட்டினால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்றார். 9,800 வெள்ளி. தார் விரிப்பு நல்ல பொருள்தான், ஆனால் அவர் ஆட்கள் நவம்பர் மாதத்தில், முந்தின நாள் மழையில் நனைந்த தளத்தின் மேல், பழைய அக்ரிலிக்கைக்கூட முழுசாகச் சுரண்டாமல் ஒட்டினார்கள். சிமெண்டுக்குள் இருந்த ஈரம் எங்கே போகும்? வெயில் ஏறியதும் ஆவியாகி மேலே தள்ளியது. மூன்றே மாதத்தில் தோசை மாதிரி அங்கங்கே உப்பல். மிதித்தால் உள்ளே தண்ணீர் நகர்வது காலில் தெரியும். பழையபடி ஒழுக ஆரம்பித்தது, இப்போது எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் விரிப்புக்கு அடியில் புகுந்த தண்ணீர் சிமெண்டுப் பூச்சு வழியாக ஊர்ந்து பத்தடி தள்ளி விளக்கு மாட்டிய துளையில் இறங்கும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஒட்டுப் போட்டுப் போட்டு நாங்கள் செலவழித்தது எல்லாமே தவறான இடத்தில்.

டியூஷன் வகுப்பில் கூரை ஓரமாக வெள்ளை உப்புப் பூத்து, ஓரிடத்தில் சிமெண்டு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கே அந்த வரிசை மேசைகளை நகர்த்தச் சொல்லிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு வயதான கொத்தனார் வந்து பார்த்தார். பையில் இருந்து எதையும் எடுக்கவில்லை, இரண்டு வாளி தண்ணீர் மட்டும் கேட்டார். ஊற்றிவிட்டு நின்று பார்த்தார். தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் போகாமல் நடுவில் போய் நின்றது. "தம்பி, மருந்த மாத்தி மாத்திப் பூசுறீங்க, வாட்டம் எங்க இருக்கு?" என்றார். தண்ணீர் வடியத் தளத்துக்குக் கொடுக்கிற சரிவைத்தான் வாட்டம் என்றார். ஐந்து வருடத்தில் எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் தளம் ஏறக்குறைய 130 சதுர மீட்டர், அதில் ஒரு அங்குலம் தண்ணீர் தேங்கினால் 3,300 லிட்டர், அதாவது மூன்று டன்னுக்கு மேல் எடை. அது வடிவதற்கு இருந்தது மூன்று அங்குலக் குழாய் இரண்டு, அதில் ஒன்று பாதி அடைத்திருந்தது.

2019இல் தைப்பூசம், சீனப் பெருநாள் எல்லாம் முடிந்து பிப்ரவரி நடுவில் வேலை தொடங்கினோம். இந்தப் பக்கம் அப்போதுதான் தொடர்ந்து சில நாள் காய்ந்து கிடைக்கும். முதலில் ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து காட்டினோம், அந்தச் செலவுக்கு யாரும் யோசிக்காதீர்கள். புதுச் சிமெண்டை அப்படியே மேலே போட்டால் தளத்துக்கு எடை கூடிவிடும், பழைய பூச்சையும் விரிப்பையும் கான்கிரீட் தெரிகிற வரை உடைத்து எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்து அந்தப் பகுதியையும் சரி செய்தோம். பிறகு குறுக்கு வாக்கில் 80க்கு 1 வாட்டம், அதாவது 20 அடிக்கு மூன்று அங்குலம். கேட்டால் சின்னதாகத் தெரியும், ஆனால் நாங்கள் தேடிக்கொண்டிருந்த மருந்து அந்த மூன்று அங்குலம்தான். வடிகுழாய்களை நாலு அங்குலமாக மாற்றி, அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியே போகக் கைப்பிடிச்சுவரில் ஒரு வழிதுளையும் போட்டோம். புதுச் சிமெண்டை நன்றாகக் காயவிட்டு, உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் அடியில் வேர்த்திருந்தது, இன்னும் ஒரு வாரம் காத்திருந்தோம். குத்தகையாளர் நச்சரித்தார், நான் விடவில்லை.

விரிப்பு இந்த முறையும் தார்தான், 4 மில்லிமீட்டர் தடிப்பு, ஏ.பி.பி. என்கிற பிளாஸ்டிக் கலந்த தார் வகை. கைப்பிடிச்சுவரில் ஆறு அங்குலம் மேலேறி, சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி உள்ளே செருகி ஒட்டியது. ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பக்கவாட்டில் நாலு அங்குலம். குழாய் துளைத்து வருகிற இடங்களில் மட்டும் ரப்பர் மாதிரி இழுபடுகிற பாலியூரிதேன் பூச்சு. முடிந்ததும் வடிகுழாயை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டோம், கீழே நானும் அப்பாவும் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. ஒரு மாதம் கழித்து மேலே வெள்ளைப் பூச்சு. உடனே பூசினால் தாரின் எண்ணெய் மேலே வந்து வெள்ளை பழுப்பாகிவிடும். எல்லாம் சேர்த்து 23,000 வெள்ளி. முதலிலேயே இதைச் செய்திருந்தால் முந்தைய 12,600 மிச்சம்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் ஒழுகியது, 2021இல். டியூஷனுக்குப் புது ஏர்கோன் (ஏசி) மாட்ட வந்தவர் இரும்புத் தாங்கியை விரிப்பின் மேலேயே வைத்து நாலு போல்ட் இறக்கிவிட்டார். ஒருவர்கூட எங்களிடம் சொல்லவில்லை. இப்போது மேலே போகும் கதவுக்குப் பூட்டு, சாவி என்னிடம் மட்டும். யார் ஏறினாலும் நானும் கூட ஏறுவேன். ஏர்கோன் பெட்டி சிமெண்டுக் கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது, கட்டைக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு.

மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டு முறை, மேலே ஏறிக் கூட்டுகிறேன். அரை மணி நேர வேலை. மைனாவும் புறாவும் எச்சமிட்டுப் போகிற இடத்தில் ஆலும் அரசும் முளைக்கும், இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிட வேண்டும், வேர் மூலைக்குள் போய்விட்டால் விரிப்பையும் சேர்த்துத்தான் கிழிக்க வேண்டியிருக்கும். வடிகுழாய் வாயில் குப்பை சேர்ந்து தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு, முட்டையில் இருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதாரத் துறையினர் வந்து பார்த்தால் அபராதம் ஒரு பக்கம், பக்கத்துக் கடைப் பிள்ளைக்கு டிங்கி வந்தால் அந்த மனக்கஷ்டம் இன்னொரு பக்கம்.

வெள்ளைப் பூச்சை 2023இல் புதுப்பித்தேன், 2,400 வெள்ளி. அழுக்கும் பாசியும் ஏறினால் சூடு தெரியும், மேல்மாடி வகுப்பில் மத்தியானம் பிள்ளைகள் விசிறிக்கொள்ள ஆரம்பித்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். உயர் அழுத்தக் குழாயை வைத்துக் கழுவாதீர்கள், ஓரத்தைப் பெயர்த்துவிடும். மிருதுவான பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும்.

இப்போது கவனித்துக்கொண்டிருப்பது பக்கத்துக் கடையோடு சேருகிற சுவர். இரண்டு கட்டடமும் தனித்தனியாக அசைவதால் நடுவில் அடைத்த ரப்பர் பசை ஓரிடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருக்கிறது. பக்கத்துக் கடைத் தவுக்கேயை (முதலாளியை) மேலே கூட்டிப் போய்க் காட்டினேன், அவர் பக்கமும் அதே கதைதான். செலவைப் பாதிப் பாதி போட்டுப் பிப்ரவரியில் செய்வதாகப் பேசியிருக்கிறோம், அதுவரை ஒவ்வொரு மழைக்கும் அந்த மூலைக்கு அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன், இன்னும் காய்ந்தே இருக்கிறது.