இஷ்யூ டிராக்கரோடு எட்டு ஆண்டுகள்: வந்த பிழைகள், கேட்ட வசதிகள்

எட்டு ஆண்டுகளாக ஒரு சிறிய திறமூல மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். வீடியோக்களுக்கான சப்டைட்டில் கோப்புகளைத் திருத்தவும் நேரத்தை முன்பின் தள்ளவும் உதவுகிற கருவி, அவ்வளவுதான். யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஏதாவது உடைந்தால்தான் தெரியும். அப்போது அவர்கள் வந்து கதவைத் தட்டுகிற இடம், நிரல்களை வைத்துப் பகிர்கிற கிட்ஹப் தளத்தின் இஷ்யூ பக்கம். பிழைகளையும் கோரிக்கைகளையும் பதிகிற டிராக்கர் அதுதான், ஒவ்வொரு பதிவும் ஓர் இஷ்யூ. நிரல் எழுதிய நேரத்தைவிட அந்தப் பக்கத்தில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். ஆகவே இது பாதி டிராக்கரைப் பற்றிய விமர்சனம், பாதி அதை நான் பயன்படுத்திய லட்சணத்தைப் பற்றிய விமர்சனம்.

முதல் ஆண்டில் ஒழுங்கென்று எதையும் வைக்கவில்லை. வெறும் பெட்டி, யாரும் எதையும் எழுதலாம். ஒரு நாள் ‘நேரம் தள்ளுவது வேலை செய்யவில்லை’ என்று ஓர் இஷ்யூ வந்தது. உள்ளே ஒரே வரி: 1.5 நொடி தள்ளச் சொன்னால் 1 நொடிதான் தள்ளுகிறது. என் கணினியில் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக 1.5 நொடி தள்ளியது. ‘எனக்குச் சரியாக வருகிறதே’ என்று எழுதி மூடிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வேறொருவர் அதையே சொன்னார். சாளரத்தைத் திறக்காமல் கட்டளை வரியில் ஓட்டிப் பாருங்கள் என்றேன். அதில் சரியாக வந்தது, சாளரத்தில் மட்டும் தப்பு. சரி, எண்ணை உள்ளிடும் பெட்டியில்தான் கோளாறு என்று அந்தப் பக்கமே இரண்டு வாரம் தோண்டினேன். ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவதாக வந்தவர், நான் கேட்காமலே ஒரு ஸ்கிரீன்ஷாட் இணைத்திருந்தார். மெனு முழுக்க ஜெர்மன்.

ஜெர்மன் வழக்கில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். சி மொழியில் எழுத்திலிருந்து எண்ணைப் படிக்கிற ஃபங்ஷன், கணினியின் மொழி அமைப்பைப் பார்த்துத்தான் நடந்துகொள்ளும். அமைப்பு ஜெர்மன் என்றால் புள்ளியைக் கண்டதும் எண் முடிந்துவிட்டது என்று 1-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். கட்டளை வரியில் ஏன் தப்பு வரவில்லை? சி நிரல் எதுவும் தொடங்கும்போது ‘சி’ என்ற பொது அமைப்பில்தான் தொடங்கும். சாளரம் வரைகிற லைப்ரரி எழுந்திருக்கும்போதுதான் அதைப் பயனரின் அமைப்புக்கு மாற்றிவிடுகிறது. திருத்தம் ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு மூன்று பேரின் பொறுமையும் என் இரண்டு வாரமும் போயின. ‘உங்கள் கணினியின் மொழி என்ன’ என்று முதல் ஆளிடம் கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

அன்றிரவே ஒரு டெம்ப்ளேட் எழுதினேன், இஷ்யூ எழுதுகிறவர் நிரப்ப வேண்டிய கேள்விப் பட்டியல். சூடு கண்ட பூனை அல்லவா, பதினான்கு கேள்விகள் வைத்தேன். விளைவு, வருகிறவர்கள் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் பழையபடி ஒற்றை வரி எழுதினார்கள். குறைத்துக் குறைத்து இப்போது ஐந்தில் நிற்கிறது: பதிப்பு எண், இயங்குதளமும் மொழி அமைப்பும், என்னென்ன செய்தீர்கள், எது நடக்கும் என்று நினைத்தீர்கள், எது நடந்தது. கூடவே, முடிந்தால் பிழையைக் காட்டுகிற மாதிரிக் கோப்பு. இந்தக் கடைசி வேண்டுகோள்தான் தங்கம். கோப்பு கையில் இருந்தால் பாதிப் பிழைகளில் மற்ற விடைகளைப் படிக்கவே தேவையில்லை.

கிட்ஹப்பில் 2021-இல் படிவ வசதி வந்ததும் அதற்கு மாறினேன். கட்டாயக் கட்டங்கள் வைக்கலாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் கட்டாயம் என்றாலே ஒரு புள்ளியை வைத்துவிட்டுத் தாண்டுகிறவர்கள் உண்டு. அதனால் பதிப்பு எண்ணையும் மொழியையும் மட்டும் கட்டாயமாக்கிவிட்டு, மற்றதை அவரவர் மனசாட்சிக்கு விட்டிருக்கிறேன்.

அடுத்தது வசதிக் கோரிக்கைகள். இங்கேதான் நான் நெடுநாள் தப்பாகவே நடத்தினேன். பிழையையும் கோரிக்கையையும் ஒரே வரிசையில் நிறுத்துவது பழைய வழக்கம். 1998-இல் வெளியான பக்ஸில்லா என்ற டிராக்கர் மென்பொருளில் பிழையின் தீவிரத்தைக் குறிக்கும் பட்டியலின் கடைசியில்தான் மேம்பாடு என்பதும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பிழைத் தடத்தில் எல்லாமே மின்னஞ்சலில் நடக்கும். அங்கே ஏழு படிநிலைகள், கடைக்கோடிப் படிக்கு விருப்பப் பட்டியல் என்றே பெயர். கிட்ஹப்பும் புது ரெப்போவுக்கு (ஒரு திட்டத்தின் நிரல் இருக்கிற இடம்) கொடுக்கிற லேபிள்களில் இரண்டையும் ஒரே பட்டியலில்தான் வைக்கிறது. நானும் அப்படியே ஓட்டினேன். திறந்திருந்த இஷ்யூக்கள் முந்நூறைத் தொட்டபோது, அதில் எத்தனை உண்மையான பிழை என்று எனக்கே தெரியவில்லை.

பிழையை நிரூபித்துவிடலாம். கோரிக்கைக்காக வாதாடத்தான் முடியும். முதலாவதை முடித்துவைக்க மாதிரிக் கோப்பும் பொறுமையும் போதும். இரண்டாவதில் யாராவது ஒருவர் ‘செய்கிறேன்’ அல்லது ‘மாட்டேன்’ என்று சொல்லியாக வேண்டும், அந்த ஒருவர் நான்தான். ‘மாட்டேன்’ சொல்லக் கூச்சப்பட்டு ‘பார்க்கலாம்’ என்று எழுதி வைத்தவைதான் அந்த முந்நூறில் பெரும்பங்கு. கல்யாண வீட்டில் ‘அப்புறம் சொல்லி அனுப்புகிறோம்’ என்கிற மாதிரிதான், கேட்டவருக்கும் புரியும், சொன்னவருக்கும் புரியும்.

ஆகவே கோரிக்கைகளை மொத்தமாக டிஸ்கஷன்ஸ் என்ற விவாதப் பகுதிக்குப் பெயர்த்தேன், அதுவும் கிட்ஹப்பிலேயே இருப்பதுதான். இஷ்யூவைச் சில சொடுக்கில் அங்கே மாற்ற முடிகிறது. நான் செய்யப்போவதாக முடிவெடுத்தது மட்டும் மீண்டும் இஷ்யூவாக இங்கே வரும். முடியாது என்றால் ஒரு வாரத்துக்குள் காரணத்தோடு சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொண்டவர்கள் சிலர்தான். பலர், தெளிவாகச் சொன்னதற்கு நன்றி என்று எழுதியது எனக்கே ஆச்சரியம்.

கட்டைவிரல் ஓட்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 தொடக்கத்தில் திறமூலப் பராமரிப்பாளர்கள் பலர் சேர்ந்து கிட்ஹப்புக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். ‘எனக்கும் வேண்டும்’ என்று குவிகிற பதில்களை அள்ள முடியவில்லை, டெம்ப்ளேட் வசதியும் இல்லை என்பவை அதன் முக்கியக் குறைகள். அதே ஆண்டில் இரண்டுக்கும் வழி வந்தது: டெம்ப்ளேட்டும், பதில் எழுதாமல் கட்டைவிரல் சின்னம் மட்டும் போடுகிற வசதியும். இப்போது கட்டைவிரல் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்திப் பார்க்கலாம். பார்க்கவும் செய்கிறேன், ஆனால் அந்த வரிசைப்படி வேலை செய்வதில்லை. என் ரெப்போவில் அதிக ஓட்டு வாங்கியது பிளகின் வசதி, அதாவது மற்றவர்கள் எழுதுகிற துணை நிரல்களை இணைக்கிற வழி. பிளகின் என்று ஒன்றைத் திறந்துவிட்டால், உள்ளே எதை மாற்றினாலும் யாரோ எழுதிய ஏதோ ஒன்று உடையும். அந்தப் பிழைகளும் என் வாசலுக்கே வரும். ஓட்டுப் போட்டவர்களில் ஒருவரும் அந்த வேலைக்கு ஆள் அனுப்பப்போவதில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு வகை, வேடம் போட்டு வருகிறவை. ‘ஐந்து நொடிக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும் வசதி வேண்டும்’ என்று ஒருவர் கேட்டார். ஐந்து நொடிக்கு ஒருமுறையா என்று ஓரமாக வைத்துவிட்டேன். பிறகு ஏதோ தோன்றி, ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டதும் உண்மை வெளியே வந்தது. பெரிய கோப்பில் தேடி மாற்றும்போது நிரல் பொத்தென்று மூடிக்கொள்கிறது, திருத்தியதெல்லாம் போய்விடுகிறது. மனிதர் பிழையைச் சொல்லாமல், அதற்குத் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து மருந்தை மட்டும் கேட்டிருக்கிறார். அதிலிருந்து எந்தக் கோரிக்கைக்கும் என் முதல் பதில் ‘இது எதற்காகத் தேவைப்படுகிறது?’ என்பதுதான்.

சொல்லவே வெட்கமாக இருக்கிற கட்டம், ஸ்டேல் பாட். சும்மா கிடக்கிற இஷ்யூக்களைத் தானாக மூடுகிற நிரல் அது. 60 நாள் யாரும் பேசாவிட்டால் முத்திரை குத்தும், மேலும் 7 நாளில் மூடிவிடும். நான் வைத்தது அதன் இயல்பு அமைப்பு. எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது, எனக்கு ஒரே குஷி. ஒருவர் அருமையான அறிக்கை எழுதியிருந்தார், மாதிரிக் கோப்புடன். நான் படிக்கவே இல்லை. பாட் முத்திரை குத்தும், அவர் ‘இன்னும் இருக்கிறது’ என்று எழுதுவார். இப்படி மூன்று தடவை. நான்காவது தடவை அவர் வரவில்லை, பாட் மூடிவிட்டது. பல மாதம் கழித்து அதே பிழையில் நானே தடுக்கி விழுந்து தேடியபோதுதான் அந்த உரையாடல் கண்ணில் பட்டது, மனிதருக்கும் இயந்திரத்துக்கும் நடந்த தனிப் பேச்சு. அன்றே பாட்டை நீக்கினேன். இப்போது நான் கேட்டதற்கு எழுதியவர் பதில் தராத இஷ்யூக்களை மட்டும் நானே மாதம் ஒருமுறை கையால் மூடுகிறேன்.

சிறிய விஷயங்கள் சில. நிரல் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கிற லாக் கோப்பை, உள்ளே இருக்கிற கடவுச்சொல்லோடு இஷ்யூவில் ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. பதிவைத் திருத்தினால் மட்டும் போதாது, திருத்த வரலாற்றில் பழைய வடிவம் அப்படியே இருக்கும், அதையும் தனியாக நீக்க வேண்டும். பாதுகாப்புக் குறைகளுக்கு வெளியில் தெரியாமல் தெரிவிக்கிற வழியைத் திறந்து வையுங்கள், ரெப்போ அமைப்பிலேயே அது இருக்கிறது. முந்தைய பதிப்பில் ஒழுங்காக இருந்தது என்று யாராவது சொன்னால் ‘கிட் பைசெக்ட்’ செய்யச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எந்த மாற்றத்தில் உடைந்தது என்று பாதி பாதியாக ஒதுக்கித் தேடுகிற கட்டளை அது. ஆயிரம் கமிட் (பதிவான மாற்றம்) இருந்தாலும் பத்துச் சோதனையில் குற்றவாளி அகப்பட்டுவிடும். நிரல் எழுதத் தெரியாத ஒருவரே எனக்கு அதைச் செய்து கொடுத்திருக்கிறார். அப்புறம், எல்லா இஷ்யூக்களையும் ஏபிஐ (நிரல் மூலம் தகவல் எடுக்கிற வழி) வழியாக அவ்வப்போது நகல் எடுத்து வைக்கிறேன். பைதான் மொழித் திட்டம் 2022-இல் தன் பழைய டிராக்கரிலிருந்து கிட்ஹப்புக்கு வந்தபோது இஷ்யூக்களுக்கெல்லாம் புது எண் விழுந்தது. என் கமிட் குறிப்புகள் முழுக்க இஷ்யூ எண்கள்தான். நாளை நான் வீடு மாறினால் அந்த எண்களுக்கு அர்த்தம் சொல்ல நகல் ஒன்று வேண்டும்.

இன்றைக்குத் திறந்திருப்பவை நாற்பதுக்கும் குறைவு. அதில் சிலவற்றுக்கு ‘எனக்கு வரவில்லை’ என்று ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறேன். என் கணினியில் வரவழைக்க முடியாத பிழைகள் அவை. முன்பு என்றால் மூடியிருப்பேன். போன வாரம் அதில் ஒன்றுக்கு இரண்டாவது ஆள் வந்தார். எஸ்எம்ஐ வகைக் கோப்பின் பின்னொட்டு பெரிய எழுத்தில் இருந்தால் திறக்க மறுக்கிறதாம், சிறிய எழுத்தில் இருந்தால் திறக்கிறதாம். மாதிரிக் கோப்பு இல்லை, ஸ்கிரீன்ஷாட் இல்லை. ஆனால் மொழி அமைப்பு என்ற கட்டத்தில் துருக்கி என்று நிரப்பியிருந்தார். அந்த மொழியில் ஆங்கிலப் பெரிய ‘ஐ’யின் (I) சிறிய வடிவத்துக்கு மேலே புள்ளி கிடையாது, புள்ளி வைத்தது வேறு எழுத்து. பெரிய எழுத்துப் பின்னொட்டைச் சிறியதாக்கி ஒப்பிட்டால் பொருந்தாது. இடம் தெரிந்துவிட்டது, பேட்ச் தயாராகிக்கொண்டிருக்கிறது.