மெர்சிடிஸ் ஆர்107 எஸ்.எல்: ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் தெரிவதும், வாங்கும்முன் பார்க்க வேண்டியதும்

மெர்சிடிஸின் பழைய திறந்த கூரைக் காரான ஆர்107 எஸ்.எல்-ஐப் பார்க்கப் போகிறவர்கள் பானட்டைத் தூக்கியதும் எஞ்சின் சத்தத்தைத்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அந்த நேரத்தை எஞ்சினுக்குப் பின்னால், முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தகட்டுக்குக் கொடுங்கள். இந்தக் காரில் எஞ்சின் கெட்டால் இறக்கிச் சரிசெய்துவிடலாம், கியர்பாக்ஸும் அப்படித்தான். உதிரி பாகங்களுக்கும் பெரிய பஞ்சமில்லை. ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய ஃபெல்பாக்கில் பழைய கார்களுக்கென்றே 1993 முதல் மெர்சிடிஸின் கிளாசிக் சென்டர் இயங்குகிறது. பாடி உள்ளுக்குள் துருப்பிடித்திருந்தால் மட்டும் கதை வேறு. செலவு எங்கே போய் நிற்கும் என்று டிங்கரால்கூடச் சொல்ல முடியாது.

1971 முதல் 1989 வரை 18 ஆண்டுகளில் 2,37,287 கார்கள் சிண்டல்ஃபிங்கன் ஆலையிலிருந்து வெளிவந்தன. அழகான கார்தான், அபூர்வமான கார் அல்ல. "நாளைக்கே வேறொருவர் முன்பணம் தர வருகிறார்" என்று விற்பவர் அவசரப்படுத்தினால் தாராளமாக அவருக்கே விட்டுவிடுங்கள். இன்னொன்று கட்டாயம் கிடைக்கும்.

முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிக்காற்று உள்ளே போகும் ஜாலியின் அடியில் ஒரு தகட்டுப் பெட்டி இருக்கிறது. ஹீட்டரின் புளோயர் உட்கார்ந்திருப்பது அதற்குள்தான். ஜாலி வழியாக விழும் மழைத் தண்ணீர் அந்தப் பெட்டியில் இறங்கி, வடிகால் வழியாகக் காருக்கு அடியில் போய்விட வேண்டும். இலைச்சருகும் புழுதியும் சேர்ந்து வடிகாலை அடைத்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும். பெட்டியின் இணைப்புகளில் பூசிய சீலர் 30, 40 வருடத்தில் காய்ந்து வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் புகும் தண்ணீர் இரண்டு தகடுகளுக்கு நடுவில் இறங்கி நின்றுவிடுகிறது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்க, அடியில் தகடு சல்லடையாகிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஜாலியின் மேல் மெதுவாக ஊற்றிவிட்டுக் காருக்கு அடியில் பாருங்கள். இரண்டு பக்கமும் தடையில்லாமல் ஒழுக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொட்டினாலோ, எதுவுமே வராமல் இருந்தாலோ வடிகால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து இரண்டு பக்கக் காலடிக் கார்பெட்டையும் தூக்குங்கள். கார்பெட் காய்ந்திருக்கும், அதை நம்ப வேண்டாம். அதற்கும் கீழே சத்தம் தடுக்கத் தடிமனான பஞ்சுப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கிறது. தகடு மேலே ஏறும் மூலையில் விரலை விட்டு அந்தப் பட்டையை அழுத்துங்கள். விரலிடுக்கில் பழுப்பு நிறத் தண்ணீர் கசிந்தாலோ, நனைந்த சாக்கு வாடை வந்தாலோ மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. பட்டையையே காணோம், புதுக் கார்பெட் மட்டும் விரித்திருக்கிறது என்றால் சந்தேகம் கூடத்தான் வேண்டும். விற்பவர் சம்மதித்தால் பானட்டின் பின்விளிம்பை ஒட்டிய கறுப்பு மூடியைக் கழற்றிப் புளோயரைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. அந்த இடத்தை முறையாகச் சரிசெய்ய டேஷ்போர்டு, ஹீட்டர், முன்கண்ணாடி, பல சமயம் முன் மட்கார்டுகள்வரை கழற்ற வேண்டும். பிறகுதான் கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டு வைக்க முடியும். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. மேலே சீலரைப் பூசி மூடிவிட்ட கார்களும் சந்தையில் உண்டு. அந்தப் பூச்சு இரண்டு மழைக்காலம் தாங்கும். 1985 இறுதியில் வந்த மாற்றங்களுக்குப் பிந்தைய கார்களில் துருக்காப்பு கூடுதல், ஆனாலும் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் விடாதீர்கள்.

மற்ற இடங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். பக்கவாட்டுச் சட்டத்தில் ஜாக்கி மாட்டும் துளைகளின் ரப்பர் மூடியைப் பிடுங்கி உள்ளே வெளிச்சம் அடியுங்கள். பின்சக்கர வளைவுகளில் துணி சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்து நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் துருவை மறைக்கும் பட்டி தடிமனாகப் பூசியிருக்கிறது. டிக்கிக்குள் ஸ்டெப்னியைத் தூக்கிக் குழியையும் இரண்டு மூலைகளையும் பாருங்கள். ஆர்107-இன் பின்விளக்குகளில் வரி வரியாக இருக்கும் பள்ளங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. வெளி மேடுகளில் சேறு படிந்தாலும் உள் பள்ளங்கள் சுத்தமாக இருந்து வெளிச்சம் தெரியட்டும் என்று வடிவமைத்தது. அந்த விளக்கைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்தால் தண்ணீர் நேராக டிக்கி மூலையில் இறங்கும். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, துருவிருந்தால் விலையைக் குறைத்து வாங்கி மாற்றிக்கொள்ளலாம். பின்பக்க வளைவு பாடியோடு வெல்டு வைத்தது, அங்கே துருவிருந்தால் பலமுறை யோசியுங்கள்.

காரை லிஃப்டில் ஏற்றாமல் பணம் கொடுக்காதீர்கள். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், ஸ்டியரிங் பெட்டிக்கு அருகிலும், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை (லோயர் ஆர்ம்) பொருந்தும் இடத்திலும் விரிசல் விடுவது இந்த மாடலில் தெரிந்த குறை. கிரீஸும் அழுக்கும் மூடியிருந்தால் மயிரிழை விரிசல் கண்ணில் படாது. துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், விரிசலின் நிழல் தெரியும். அலைன்மென்ட் செய்தும் நிலைக்காமல் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்கிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வலுத்தகடு வைத்து வெல்டு செய்யலாம், வேறு சட்டமும் மாட்டலாம்.

எஞ்சினுக்கு வருவோம். எட்டு சிலிண்டர் வி8-களில் 3.5, 4.5 லிட்டர் இரண்டும் வார்ப்பிரும்பு பிளாக்கில் வந்தவை, பின்னால் வந்த 3.8, 4.2, 5.0, 5.6 அலுமினியம். எல்லாமே உழைப்பாளிகள். ஆளைக் கவிழ்ப்பது கிராங்கையும் கேம்ஷாஃப்டையும் இணைத்துச் சுற்றும் டைமிங் செயின்தான், அதிலும் செயினைவிட அதை வழிநடத்தும் பிளாஸ்டிக் ரெயில்கள். சூட்டில் வருடக்கணக்காக வெந்து அவை பிஸ்கட் போல நொறுங்கும். உடைந்த துண்டு செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் சிக்கினால் செயின் தாவும், வால்வு பிஸ்டனில் மோதும். கிலோமீட்டர் குறைவு என்பதால் இதிலிருந்து தப்பிவிட முடியாது, பிளாஸ்டிக்குக்கு வயதுதான் கணக்கு. பழைய செயினின் முனையில் புதியதைக் கோத்து கிராங்கைச் சுற்றி உள்ளே இழுத்துவிடும் சிக்கனமான முறை ஒன்று உண்டு. அதைச் செய்துவிட்டு ரெயில்களையும், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றாமல் விட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. பில்லில் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாவிட்டால் வால்வு மூடியைத் திறந்து, கேம்ஷாஃப்ட் குறியைப் பொருத்திவிட்டு, கிராங்க் புல்லியில் எத்தனை டிகிரி பின்தங்குகிறது என்று மெக்கானிக் அளந்து சொல்லட்டும். 10 டிகிரியைத் தொட்டுவிட்டால் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

அமெரிக்கச் சந்தைக்குப் போன 380 எஸ்.எல் (3.8 லிட்டர் எஞ்சின் கொண்டது) வாங்குவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 1981 முதல் 1983 வரையான மாடல்களில் ஒற்றை வரிசைச் செயின் போட்டார்கள், அது நீண்டு அறுந்த கதைகள் ஏராளம். 1984-இலிருந்து இரட்டை வரிசை வந்தது. பழையவற்றில் பலவற்றை இரட்டைக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதற்கான ரசீது இருந்தால் நல்ல கார், இல்லாவிட்டால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

வால்வு மூடி திறந்திருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கேம்ஷாஃப்டின் மேல் ஓடும் ஆயில் குழாயைப் பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் இணைப்புகள் காய்ந்து கழன்றுவிடும். அதோடு கேம்ஷாஃப்டின் மேடுகளுக்கு (கேம் லோப்) ஆயில் நின்றுபோகும், சில ஆயிரம் கிலோமீட்டரில் கேம்ஷாஃப்டே தேய்ந்துபோகும். அற்ப விலைப் பொருளை மாற்றாமல் விட்டு எஞ்சினைக் கெடுத்துக்கொள்வதைப் போலக் கொடுமை இந்தக் காரில் வேறில்லை. ஆயில் பிரஷர் முள் சூடான ஐட்லிங்கில் 1 பாருக்குக் கீழே இறங்கினால் பயப்பட வேண்டாம், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் 3-இல் போய் முட்டினால் போதும்.

ஆறு சிலிண்டர் வேண்டுமென்றால் 280 எஸ்.எல்-இன் எம்110 எஞ்சினில் வால்வு இடைவெளியை அவ்வப்போது கையால் சரிசெய்ய வேண்டும். ஹெட்டின் பின்பக்க ஆயில் கசிவும் சகஜம். 1985-க்குப் பின் வந்த 300 எஸ்.எல் அதைவிடப் பராமரிக்க எளிது. என் கணிப்பில் நீண்ட நாள் வைத்து ஓட்ட அதுவும், ஐரோப்பிய 500 எஸ்.எல்-இன் கடைசி வருடங்களும் முதல் தேர்வு. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவுக்குப் போன 560 எஸ்.எல்-இலும் இழுவிசைக்குக் குறையில்லை. 1975, 76 அமெரிக்க 450 எஸ்.எல்-இல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை பானட்டுக்கு அடியிலேயே வைத்தார்கள். அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, வெயில் காலத்தில் நிறுத்திவிட்டு எடுத்தால் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும்.

எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஏற்பாட்டில் ஆரம்ப வி8-கள் டி-ஜெட்ரானிக், 1970-களின் நடுவிலிருந்து கே-ஜெட்ரானிக், கடைசியில் கேஇ-ஜெட்ரானிக். கே-ஜெட்ரானிக் முழுக்க அழுத்தத்தை நம்பி ஓடுவது, தினம் ஓடினால் பல்லாண்டு உழைக்கும். நின்றே கிடந்த காரில்தான் தொல்லை: டாங்கில் துரு, பெட்ரோலைப் பகிர்ந்தளிக்கும் ஃபியூல் டிஸ்ட்ரிபியூட்டரின் பிளஞ்சர் இறுகல், ரப்பர் குழாய்களில் வெடிப்பு. ஆகவே பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். குளிரில் ஒருமுறை, அரை மணி ஓட்டி 20 நிமிடம் நிறுத்தி மறுபடி ஒருமுறை ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் மட்டும் நெடுநேரம் சுற்றிப் பிடித்தால் ஃபியூல் அக்யுமுலேட்டரோ பம்ப்பின் செக் வால்வோ அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை. இரண்டும் மாற்றக்கூடியவை, விலை பேச உதவும். 50,000 கி.மீ மட்டும் ஓடி பல வருடம் ஷெட்டில் தூங்கிய காரைவிட, 2,00,000 கி.மீ தொடர்ந்து ஓடி ரசீதுகளோடு வரும் காரையே நான் எடுக்கச் சொல்வேன்.

ஓட்டும் சுகத்தைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். பார்க்க ஸ்போர்ட்ஸ் கார் போல இருக்கிறது, ஆனால் 1,500 கிலோவைத் தாண்டும் இந்தக் கார் வளைவுகளில் பாய்வதற்கானதல்ல. நாள் முழுக்க நெடுஞ்சாலையில் அலுப்பில்லாமல் போகும் கார். ஸ்டியரிங்கில் நடுவில் சிறிது ப்ளே, அதாவது சக்கரம் திரும்பாத ஆட்டம், இருப்பது இயல்பு. அதைப் போக்க ஸ்டியரிங் பெட்டியின் ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே போனால் பெட்டி தேய்ந்துவிடும். முதலில் பந்துமூட்டுகளையும் புஷ்களையும் மாற்றிப் பாருங்கள், பாதி ப்ளே அதிலேயே போய்விடும். 4.5 லிட்டர் வி8, 100 கி.மீ-க்கு 15 முதல் 18 லிட்டர் குடிக்கும், ஊருக்குள் அதற்கும் மேல். கியர் மாறும்போது உதைத்தால் கியர்பாக்ஸே போயிற்று என்று முடிவுகட்ட வேண்டாம், எஞ்சினின் வெற்றிட அழுத்தத்தைக் கொண்டு கியர் மாற்றத்தை மென்மையாக்கும் வேக்குவம் மாடுலேட்டரை முதலில் சோதிக்க வேண்டும். அதன் ஜவ்வு கிழிந்தால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும், புகையும் வரும்.

1970-களின் கடைசி அமெரிக்க 450-களில் தானியங்கி ஏ.சி.யை இயக்கும் சர்வோ வழியாகக் கூலண்ட்டே ஓடுகிறது. அதன் பிளாஸ்டிக் உடம்பு வெடித்தால் ஏ.சி. போவதோடு எஞ்சின் கூலண்ட்டும் ஒழுகிப்போகும். மாற்றாக எலெக்ட்ரானிக் சர்வோ கிடைக்கிறது, போட்டிருந்தால் நல்லது.

ஹார்ட்டாப் 40 கிலோவுக்கு மேல், தூக்க இரண்டு பேர் வேண்டும். கையோடு வருகிறதா, காரின் நிறத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கழற்றி, உள்ளே மடித்துக் கிடக்கும் துணிக்கூரையையும் விரிக்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் மடிந்தே கிடந்த துணி சுருங்கி, முன்கண்ணாடிச் சட்டத்தின் கொக்கிவரை வராது. சேஸிஸ் எண்ணையும், காரின் விவரங்கள் அச்சிட்ட டேட்டா கார்டையும் ஒப்பிடுங்கள். 107.044 என்றால் 450, 107.045 என்றால் 380, 107.046 என்றால் 500, 107.048 என்றால் 560. பின்னால் ஒட்டிய எழுத்தை நம்பி வாங்க வேண்டாம்.

வாங்கியபின் முதல் மாதமே ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட், எல்லா பெட்ரோல் குழாய்களும் மாற்றிவிடுங்கள். ஹெட் அலுமினியம் என்பதால் கூலண்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே அரித்துவிடும். டயரில் பூ எவ்வளவு இருந்தாலும் தயாரித்த வாரமும் வருடமும் கொண்ட நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 8 வருடம் தாண்டியதைக் கழற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது எஞ்சின் முழுச் சூடு ஏறும்வரை 20, 25 கி.மீ ஓட்ட வேண்டும். பனிக்காலத்தில் சாலைக்கு உப்பு போடும் நாடுகளில் அந்த மாதங்கள் மட்டும் ஷெட்டில் இருக்கட்டும். இலை உதிரும் காலத்துக்கு முன்பும் பின்பும், வருடத்துக்கு இரண்டு முறை, ஜாலிக்கு அடியிலுள்ள வடிகாலில் புல்வெட்டியில் மாட்டும் தடித்த நைலான் நரம்பை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், அது சீலரைக் கிழித்துவிடும்.