மெர்ஜ், ரீபேஸ், ஸ்குவாஷ்: வழிகாட்டியில் திருத்த வேண்டிய வரிகள்

பல டீம்களின் கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வழிகாட்டியில் "மெயினோடு மெர்ஜ் செய்யவும்" என்று ஒற்றை வரி இருக்கும். எந்த பிராஞ்சில் (தனியாக வளரும் வேலைக் கிளை; மெயின் என்பது முதன்மைக் கிளை) நின்றுகொண்டு, எந்தக் கட்டளையால் என்பது இருக்காது. மெர்ஜ், ரீபேஸ், ஸ்குவாஷ் மூன்றுமே மாற்றங்களைச் சேர்ப்பவைதான். ஆனால் மூன்றுக்கும் பொதுவாக ஒரே விளக்கத்தை எழுதினால் எங்காவது ஓரிடத்தில் அது தப்பாகிவிடும்.

இருப்பதிலேயே ஆபத்தானது கான்ஃப்ளிக்ட் (இரு பக்க மாற்றங்களும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வது) பற்றிய வரி: "உங்கள் மாற்றம் வேண்டுமென்றால் --அவர்ஸ், எதிர்ப்பக்கத்தினுடையது வேண்டுமென்றால் --தெயர்ஸ்." மெர்ஜில் இது சரி; நீங்கள் நிற்கும் பிராஞ்ச்தான் அவர்ஸ். ரீபேஸில் அப்படியே தலைகீழ். ரீபேஸ் முதலில் மெயினின் நுனியில் போய் நின்றுகொள்கிறது. அப்புறம் உங்கள் கமிட்டுகளை (நீங்கள் பதிந்த மாற்றங்களை) ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் போடுகிறது. ஆகவே அங்கே அவர்ஸ் என்றால் மெயின், தெயர்ஸ் என்றால் உங்கள் வேலை. வழிகாட்டியை நம்பி, ரீபேஸின் நடுவில் கிட் செக்அவுட் --அவர்ஸ் கொடுத்தவருக்கு அந்த ஃபைலில் தான் செய்த மாற்றமே போய்விடும். எரர் எதுவும் வராது. பழைய கமிட் ரெஃப்லாகில் (பிராஞ்ச் முன்பு எங்கே இருந்தது என்று கிட் வைத்திருக்கும் குறிப்பில்) இருக்கத்தான் செய்யும். தொலைந்தது தெரிந்தால்தானே தேடுவார்? இந்த வரியை மெர்ஜுக்கு ஒன்று, ரீபேஸுக்கு ஒன்று என்று பிரித்தே எழுத வேண்டும்.

இதோடு சேர்த்துக் குழப்பப்படுபவை மெர்ஜ் கட்டளையின் -எக்ஸ் அவர்ஸும் -எஸ் அவர்ஸும். முன்னது முட்டிக்கொள்ளும் இடங்களில் மட்டும் நம் பக்கத்தை எடுக்கும். பின்னது எதிர் பிராஞ்சின் மாற்றங்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, மெர்ஜ் ஆகிவிட்டதாக மட்டும் பதிவு செய்யும். ஓர் எழுத்து மாறினால் போதும், ஒரு பிராஞ்சின் மொத்த வேலையும் வராமலே போகும்.

பலர் சேர்ந்து வேலை செய்யும் பிராஞ்சுக்கு என் தேர்வு மெர்ஜ்தான். பழைய கமிட்டுகளை அது தொடுவதில்லை. இரண்டு பெற்றோர் (நேர் முந்தைய கமிட்டுகள்) உள்ள புது கமிட் ஒன்றைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அதை ரிவர்ட் செய்வதை, அதாவது அதன் மாற்றங்களைப் புது கமிட் ஒன்றால் திரும்பப் பெறுவதைப் பற்றி மட்டும் வழிகாட்டி தெளிவாகச் சொல்ல வேண்டும். மெர்ஜ் கமிட்டை -எம் 1 (முதல் பெற்றோரின் பக்கத்துக்கே திரும்பு என்பது) போட்டு ரிவர்ட் செய்தபின் அதே பிராஞ்சை மறுபடி மெர்ஜ் செய்தால், பழைய மாற்றங்கள் திரும்பி வராது. முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டும்.

ரீபேஸ் கமிட்டுகளுக்குப் புது அடையாளம் கொடுப்பதால், இன்னும் யாரும் எடுத்துக்கொள்ளாத உங்கள் சொந்த பிராஞ்சுக்கு மட்டும் பொருந்தும். ஏற்கெனவே புஷ் செய்திருந்தால் (சர்வருக்கு அனுப்பியிருந்தால்) --ஃபோர்ஸ் (அங்கிருப்பதைப் பார்க்காமல் மேலெழுதுவது) வேண்டாம், --ஃபோர்ஸ்-வித்-லீஸ் (இடையில் வேறு யாராவது அனுப்பியிருந்தால் மறுப்பது) என்று எழுதுங்கள்.

பல கமிட்டுகளின் மாற்றங்களை ஒன்றாகத் திரட்டும் ஸ்குவாஷ், வேலை முடிந்ததும் அழித்துவிடப் போகும் சின்ன பிராஞ்சுக்கு நல்லது. கிட் மெர்ஜ் --ஸ்குவாஷ் தானாக கமிட் செய்யாது. இரண்டாவது பெற்றோரையும் பதியாது. அதனால் அதே பிராஞ்சில் தொடர்ந்து வேலை செய்து மறுபடி சேர்த்தால், ஏற்கெனவே தீர்த்த கான்ஃப்ளிக்ட்டே திரும்ப வரலாம். "ஸ்குவாஷ் முடிந்ததும் பிராஞ்சை அழிக்கவும்" என்ற வரி கட்டாயம் வேண்டும். அழிக்கும்போது பிராஞ்ச் முழுதாக மெர்ஜ் ஆகவில்லை என்று கிட் மறுக்கக்கூடும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.