பொரேகோ ஸ்பிரிங்ஸ் நைட் வாக்: கங்காரு எலி பாக்க போறவங்களுக்கு

கலிஃபோர்னியாவுல அன்சா-பொரேகோ பாலைவனத்துக்கு நடுவுல பொரேகோ ஸ்பிரிங்ஸ்னு சின்ன ஊர். ராத்திரி விளக்கு வெளிச்சத்த கொறச்சு வானத்த இருட்டா காப்பாத்துறதால 2009ல இருந்தே டார்க் ஸ்கை ஊர்னு பேர் வாங்கினது, அதனால நட்சத்திரம் பாக்குற டூர் நிறைய இருக்கு. ஆனா நான் போனது கங்காரு மாதிரி பின்னங்காலால துள்ளுற கங்காரு எலிய பாக்குற டூர், ஒரு நேச்சுரலிஸ்ட் தன்னோட சொந்த நிலத்துல நடத்துறார். எலிக்கு எதுக்கு காசுன்னு கேக்குறவங்க முழுசா படிங்க.

பௌர்ணமிய ஒட்டின நாள்ல அவர் புக்கிங்கே எடுக்குறதில்ல. நிலா வெளிச்சத்துல ஆந்தைக்கு எலி நல்லா தெரியும், அதனால எலி தன் வளைய விட்டு தூரம் வராது, காச வாங்கிட்டு வெறும் மணல காட்ட மாட்டேன்னு போன்லயே சொல்லிட்டார், எனக்கு அப்பவே நம்பிக்கை வந்துடுச்சு. அவர் சொன்னது சும்மா இல்ல, பக்கத்துல பாம் டெசர்ட்கிட்ட டீப் கேன்யன்ல மெரியம் கங்காரு எலிங்கள ரேடியோ மாட்டி பாத்து 1992லயே பேப்பர் வந்திருக்கு, நிலா பெருசா இருந்தா நடுராத்திரி சுத்துறத கொறச்சுட்டு அந்தியிலயும் விடியக்காலையிலயும் ஈடுகட்டிக்குதுங்க.

டூரோட உயிரே எலிக்கு தீனி வைக்கிற தட்டுங்கதான். சலிச்ச மணல்ல அளந்த தினைய கலந்து ஒரு தட்ட கிரியோசோட் புதருக்கு அடியில, இன்னொண்ண சில அடி தள்ளி வெட்டவெளியில வைக்கிறோம், ரெண்டுலயும் ஒரே அளவுதான். எலி தின்ன தின்ன மிச்ச விதைய தேடுறது கஷ்டமாகுது, கிடைக்கிறது அந்த உழைப்புக்கும் ஆபத்துக்கும் கட்டாதுன்னு ஆனதும் விட்டுட்டு போயிடும், அதனால தட்டுல எவ்ளோ மிஞ்சுதோ அவ்ளோ பயம் அந்த இடத்துல. ஜோயல் பிரவுன்ங்கிற எகாலஜிஸ்ட் 1988ல இதையே ஒரு அளவுகோலா ஆக்குனார். காலையில சலிச்சு எடை போட்டப்ப வெட்டவெளி தட்டுல தினை நல்லாவே மிஞ்சியிருந்துச்சு, கண்ணுக்கு தெரியாத ஆந்தைய தராசுல பாத்த மாதிரி எனக்கு சிலிர்த்துடுச்சு.

அதுக்காக புதர்னா பாதுகாப்புன்னு முடிவு பண்ணிடாதீங்க. கோடையில சைட்வைண்டர் பாம்பு புதர் ஓரத்துல மணலுக்குள்ள பாதி புதைஞ்சு காத்துக்கிடக்கும், அந்த மாசங்கள்ல புதர் தட்டுலயே அதிகம் மிஞ்சி கணக்கு தலைகீழா மாறுறத தன்னோட நோட்டுல அவர் காட்டினார். மேல ஆந்தை கீழ பாம்பு, ரெண்டுக்கும் நடுவுல தினமும் ராத்திரி சாப்பாடு தேடணும். கங்காரு எலிக்கு நீளமான பின்னங்காலும் ஆந்தை சிறகோட மெல்லிய சத்தத்தையே புடிக்கிற காதும் இருக்கு, பாம்பு பாய்ஞ்சா பத்துல ஒரு செகண்டுக்குள்ள துள்ளிடும், அதனால வெட்டவெளிக்கு துணிஞ்சு வருது. அதே இடத்துல இருக்குற பாக்கெட் மவுஸ்ங்கிற குட்டி எலிக்கு அந்த காலெல்லாம் கிடையாது, அது பெரும்பாலும் புதர் ஓரமாவே ஒதுங்கி மேயுது. யாரு எங்க சாப்பிடுறாங்கன்னு பயமே பிரிச்சு வெச்சிருக்கு.

குறைன்னா கூட்டம். சிவப்பு லைட் மட்டும்தான்னு ரூல் இருந்தும் எங்க க்ரூப்ல ஒருத்தர் போன் ஸ்க்ரீன தொறந்துட்டே இருந்தார், தட்டுகிட்ட வந்த எலி ஓடிடுச்சு, அவர கண்டிப்பா தடுத்திருக்கணும். க்ரூப்ப பாதியாக்குனா விலைய ஏத்துனாலும் குடுப்பேன். தரையில உக்கார வைக்கிறாங்க, முட்டி வலி உள்ளவங்க மடக்கு சேர் கேட்டு வாங்கிக்கோங்க.

காலையில டெலஸ்கோப்ல மலைமேல பிக்ஹார்ன் ஆடுங்களையும் காட்டுனார், குட்டி வெச்சிருக்குற தாய் ஆடுங்க கீழ நல்ல மேய்ச்சல் இருந்தாலும் பூமாங்கிற மலைச்சிங்கத்துக்கு பயந்து செங்குத்தான பாறையிலயே நிக்குதுங்க. அது அஞ்சு நிமிஷம்தான், இன்னும் கொஞ்ச நேரம் குடுத்திருக்கலாம்.

என் மார்க் 5க்கு 4.5. அமாவாசைய ஒட்டி புக் பண்ணுங்க, பாம்பு கணக்கும் பாக்கணும்னா கோடையில போங்க, தூக்கம் வருதுன்னு காலையில சலிக்கிறத மட்டும் விட்டுடாதீங்க.