திருகோணமலை: "லேடீஸ் ஜெல் சீற்" வாங்க முன் இதை வாசியுங்கள்

நகரில் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் ஒரு கடையில், "லேடீஸ் ஜெல் சீற், எவ்வளவு தூரம் ஓடினாலும் நோகாது" என்று சொல்லி எங்கள் பெண்கள் குழுவுக்கு நான்கு சீற்றுகளை விற்றார்கள். யாருக்கும் அளவெடுக்கவில்லை. நான்கும் ஒரே அகலம், 210 மில்லிமீற்றர். உப்புவெளிவரை ஓடிப் பார்த்தால் மெத்தை போல இருக்கும். புல்மோட்டை வீதியில் குச்சவெளியை அண்டும்போது தொடையிடுக்கு உரசிப் புண்ணாகும், முன்பக்கம் மரத்துப்போகும். திருப்பிக் கொண்டுபோனபோது, "பூட்டின சாமான் எடுக்கமாட்டோம், ஓடி ஓடிப் பழகினால் சரிவரும்" என்றார்கள்.

பழகினால் சரிவராது. உட்காரும்போது பாரத்தைத் தாங்கவேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகள். மிருதுவான சீற்றில் அந்த முனைகள் அமிழ்ந்துவிட, நடுவில் உள்ள ஜெல் மேலே பிதுங்கி மென்மையான பகுதியை அழுத்துகிறது. நரம்பும் இரத்த ஓட்டமும் நெரிபடுவதால்தான் மரத்துப்போகிறது. சீற் தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் தொடை உரசும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் திரும்பி வரும்போது, காற்றுக்குக் குனிந்து ஓடுவதால் இடுப்பு முன்னால் சாய்ந்து, அழுத்தம் இன்னும் முன்பக்கத்துக்கே போகும்.

நான்கில் ஒன்றை வெட்டிப் பார்த்தோம். உறைக்கு அடியில் மெல்லிய ஜெல் தகடு ஒன்று, மீதி முழுக்க மலிவான ஸ்பொஞ்ச். உறையைப் பிடித்திருந்த பின்கள் வியர்வையிலும் கடல் உப்பிலும் ஏற்கனவே துருப்பிடித்திருந்தன.

இதைவிட ஆபத்தானது பூட்டிய விதம். 27.2 மில்லிமீற்றர் சீற் பைப் போடவேண்டிய சைக்கிளில் 25.4 பைப்பை இறக்கி, இடைவெளிக்குத் தகரத்தைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். தகரம் நழுவினால் ஓடும்போதே சீற் திரும்பும், இறங்கும். அதற்காக மேலும் மேலும் இறுக்கினால் பிரேமின் கழுத்து நெளிந்துவிடும். பைப்பில் அளவு பொறித்திருக்கும், கழற்றச் சொல்லிப் பாருங்கள். குறைந்தபட்சம் இதுவரை உள்ளே இறங்கவேண்டும் என்று பைப்பில் போட்டிருக்கும் கோடு வெளியே தெரிந்தால் ஏறவே வேண்டாம்.

அளவை வீட்டிலேயே எடுக்கலாம். கடினமான வாங்கில் நெளிவுள்ள காட்போட் மட்டைத் துண்டு ஒன்றை வைத்து, மெல்லிய உடுப்போடு உட்கார்ந்து, குதிகாலை உயர்த்தி, சைக்கிளில் குனிவதுபோல் சற்று முன்னால் சாயுங்கள். எழும்பினால் இரண்டு பள்ளங்கள் தெரியும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்து, அதோடு 20 முதல் 30 மில்லிமீற்றர் கூட்டுங்கள். நிமிர்ந்து ஓடுபவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடும். பள்ளங்களின் தூரம் 125 என்றால் 145 முதல் 155 வரையான சீற் பொருந்தும். நடுவில் வெட்டு அல்லது பள்ளம் உள்ளதை முதலில் பாருங்கள். பெருவிரலால் அழுத்தும்போது அடித்தட்டுவரை அமிழும் சீற் தூரப் பயணத்துக்கு உதவாது.

நல்ல சீற்றையும் மூக்கை, அதாவது முன்நுனியை, தூக்கிப் பூட்டினால் நோகும். நாங்கள் வாங்கியவற்றை அப்படித்தான் பூட்டித் தந்தார்கள். ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். முன்பக்கம் நோகுமானால் ஒன்று, இரண்டு பாகை மூக்கை இறக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் உடல் முன்னால் சறுக்கிக் கைகளில் பாரம் ஏறும். உயரத்துக்கு, குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை மிதிக்கும்போது முழங்கால் நேராக வரவேண்டும். அதைவிட உயர்ந்தால் இடுப்பு இருபக்கமும் ஆடி, சீற்றில் குறையே இல்லாவிட்டாலும் தோல் உரியும்.

உள்ளே மெத்தை (பாட்) வைத்த சைக்கிள் காற்சட்டைக்குள் உள்ளாடை போடாதீர்கள், அதன் தையல்தான் புண்ணாக்கும். மேலே சல்வார் அணிவதில் சிக்கலில்லை.

கழற்றிய பழைய சீற்றையும் பைப்பையும் கடையில் விட்டுவராதீர்கள். எங்களுடையவை திரும்பக் கிடைக்கவில்லை. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, அதில் சீற்றின் அகலத்தையும் பைப்பின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. சாமானை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும், பற்றுச்சீட்டின் பிரதியையும் இணையுங்கள்.