வீடு வந்த பிறகு வகுப்பறை: வன்னிக்கு எந்த வழி பொருந்தும்?

போன மாரியில் மகளின் பாடசாலைக்குப் பெற்றார் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தின் நடுவில் இரண்டு இரும்பு அலுமாரிகளை மறிப்பாக நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பக்கம் தரம் 2, அந்தப் பக்கம் தரம் 3. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினால் இந்தப் பக்கத்து ரீச்சர் வாசிப்பை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நிற்பார். ஊர் எல்லையில் புது வீட்டுத்திட்டம் வந்து இரண்டு வருடம். வீடுகளுக்கு ஓடு போட்டாயிற்று, மின்சாரமும் வந்துவிட்டது. பாடசாலையில் கூடியது பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும்தான்.

இலங்கையின் வடக்கே, வன்னியில் வீடு எப்போதும் அலையாகத்தான் வந்திருக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வந்த குடியேற்றத்திட்டங்கள் ஒரு அலை. 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இன்னொரு அலை. 2009இல் போர் முடிந்து, மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து சனம் திரும்பியபோது வந்தது மிகப் பெரிய அலை. இந்திய வீட்டுத்திட்டம் மட்டும் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள். குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டக் கட்டப் பகுதி பகுதியாகக் கிடைத்தது. அன்று திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கலியாணம் முடித்துத் தனிக் காணி கேட்டு நிற்கிறார்கள். ஆகவே கேள்வி இன்னும் பழசாகவில்லை: கூடுகிற பிள்ளைகளை எங்கே இருத்துவது?

கூட்டங்களில் அடிபடுவது மூன்று வழிகள். பட்டணத்துப் பெரிய பாடசாலைக்கு மாடிக் கட்டடம் கட்டுவது. புதுக் குடியிருப்புக்குள்ளேயே தரம் 1 முதல் 11 வரை ஒரு பாடசாலை திறப்பது. கிராமத்தில் தரம் 5 வரை வைத்துக்கொண்டு, 6இலிருந்து பஸ்ஸில் பட்டணத்துக்கு அனுப்புவது. நான்காவதாக, காலை மாலை என்று இரண்டு நேரப் பாடசாலையும் சிலர் சொல்வார்கள். 1996 இடப்பெயர்வில் மரத்தடியிலும் மாலை நேரத்திலும் படித்த தலைமுறை நாங்கள். அது வேறு வழியில்லாத காலத்தின் ஏற்பாடு. அதைத் திட்டம் என்று இன்று யாரும் மேசையில் வைக்கக்கூடாது.

மாடிக் கட்டடத்துக்கு ஆதரவு ஏன் அதிகம் என்பது விளங்குகிறது. ஆசிரியர் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். விஞ்ஞான ஆய்வுகூடமும் நூலகமும் இருக்கின்றன. ஏ9 வீதியோரம் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஆசிரியர் பஸ்ஸால் இறங்கி நடந்தே போகலாம். ஆனால் தரம் 1 பிள்ளைக்கு அந்த மாடி எட்டாது. முதலாம் தர அனுமதியில் வசிப்பிட நெருக்கத்துக்கே பெரிய பங்கு. பத்துக் கிலோமீற்றர் உள்ளே இருக்கும் புதுக் குடியிருப்புப் பிள்ளை அந்தக் கணக்கில் முதலிலேயே தோற்றுவிடுகிறது. இடம் கிடைத்தாலும் காலை ஆறரைக்கு அப்பா மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று ஏற்றிக்கொண்டு கிறவல் வீதியால் வர வேண்டும். கார்த்திகை மழைக்கு மதகு மேவினால் அன்றைக்குப் படிப்பு இல்லை. உள்வீதிகளில் விடியப்புறம் யானை நிற்கும் ஊர்களும் நம்மிடம் உண்டு.

முழுப் பாடசாலையைக் கிராமத்துக்கே கொண்டுவருவது மனசுக்குப் பிடித்த வழி. எனக்கும் முன்பு அதுதான் பிடித்திருந்தது. பெயர்ப்பலகையில் தங்கள் ஊரின் பெயரைப் பார்க்கும் ஆசை இடம்பெயர்ந்து திரும்பிய சனத்துக்கு இருக்கத்தான் செய்யும். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 120 வீடுகள் என்று வைப்போம். எல்லாம் இளங்குடும்பம், வீட்டுக்கு ஒரு ஆரம்பப் பிரிவுப் பிள்ளை. 5 தரங்களுக்கு 120 பிள்ளைகள், தரத்துக்கு 24 பேர். அழகான ஆரம்பப் பாடசாலை. ஐந்தாறு வருடம் கழித்து? வீட்டுத்திட்டத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே வருடத்தில் குடி வருகிறார்கள். ஆகவே பிள்ளைகளும் ஒரே கூட்டமாக வளர்ந்து ஒரே கூட்டமாக வெளியேறுவார்கள். ஆரம்பப் பிரிவு வெறுமையாகும். மேல் வகுப்பில் தரத்துக்கு இருபது சொச்சம் பேர் இருப்பார்கள். அவர்களுக்குக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் என்று பாடத்துக்கு ஒருவராக ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் ஆளணி பிள்ளைத் தொகையைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு நியமனம் வந்தாலும் இடமாற்றம் அதைவிட வேகமாக வரும். கட்டடம் நிற்கும், கணித ஆசிரியர் நிற்கமாட்டார்.

இதோடு இன்னொரு உண்மையும் இருக்கிறது. நாடு முழுவதும் பிறப்பு குறைகிறது. 2019இல் 3 இலட்சத்தைத் தாண்டியிருந்த வருடாந்தப் பிறப்புகள் 2023இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. ஒரு பக்கம் புதுக் குடியிருப்பில் நெரிசல், மறுபக்கம் பழைய கிராமத்தில் பிள்ளையில்லாத வகுப்பறை. இரண்டும் ஒரே கல்விக் கோட்டத்துக்குள் நடக்கும்.

அதனால்தான் நான் மூன்றாவது வழிக்கு வந்து சேர்ந்தேன். சின்னப் பிள்ளைக்கு நடை தூரத்தில் பாடசாலை வேண்டும். பெரிய பிள்ளைக்கு பாட ஆசிரியர் வேண்டும். இரண்டையும் ஒரே கட்டடத்தில் தேடுவதால்தான் சிக்கல். பக்கத்துப் பழைய ஆரம்பப் பாடசாலைக்கு நான்கைந்து வகுப்பறை கூட்டினால் பெரும்பாலும் போதும். பிள்ளைத்தொகை குறையும் காலத்தில் அந்த அறைகளை முன்பள்ளிக்கோ வாசிகசாலைக்கோ கொடுக்கலாம்.

இந்த வழியின் பலவீனம் பஸ். 'சிசு சரிய' என்ற மாணவர் பஸ் சேவை இருக்கிறது, சீசன் கட்டணமும் குறைவு. ஆனால் காலையில் வரும் பஸ் பின்னேர வகுப்பு முடியும் வரை நிற்பதில்லை. இருட்டுக்குள் மூன்று கிலோமீற்றர் சைக்கிள் உழக்கி வரவேண்டும் என்றால் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்புத்தான். பின்னேர பஸ் எழுத்தில் உறுதியாகாமல் இந்த வழியை ஏற்றுக்கொள்ள நான் ஒரு தாய்க்கும் சொல்லமாட்டேன்.

எந்த வழியை எடுத்தாலும் அடிப்படைக் குறை ஒன்று இருக்கிறது. வீட்டுப் பயனாளிப் பட்டியல் பிரதேச செயலகத்தில். பிள்ளைகளின் தொகை வலயக் கல்வி அலுவலகத்தில். வரப்போகும் பிள்ளைகளின் தொகையோ மூன்றாவது இடத்தில், குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில். நாங்கள் மருத்துவ மாது என்று கூப்பிடும் அந்தத் தங்கச்சி சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், கர்ப்பிணித் தாய்மாரையும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் வீடு வீடாகப் பதிகிறார். ஜனவரி 31இல் 5 வயது நிறைந்த பிள்ளைதான் தரம் 1க்கு வரும். ஆகவே இந்த வருடம் அந்தக் கொப்பியில் ஏறும் பெயர் ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு எந்த வாசலில் நிற்கும் என்பது இன்றைக்கே தெரியும். புதுக் குடும்பங்கள் வந்து சேரும்போது பயனாளிப் பட்டியலில் பிள்ளைகளின் வயதையும் ஒரு நிரலில் எழுதினால் கணக்கு முழுமையாகும்.

பழைய குடியேற்றத்திட்ட வரைபடங்களில் வாய்க்காலுக்கும் வயலுக்கும் இடையில் பாடசாலைக்கென்று காணி ஒதுக்கியிருப்பார்கள். இன்று 120 துண்டுகளையும் பங்கிட்டு முடித்த பிறகே பாடசாலைக் காணி தேடுகிறார்கள். மிஞ்சுவது வெள்ளம் நிற்கும் பள்ளக்காணி. அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சார்பில் நாங்கள் கொண்டுபோகும் கடிதத்தில் மூன்று கோரிக்கைகள்: பங்கிடுமுன் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி, மருத்துவ மாதுவின் பதிவிலிருந்து பெயரில்லாமல் வருடவாரித் தொகை மட்டும், பின்னேரம் ஐந்தரைக்கு ஒரு பஸ்.