பிளஸ் டூ பிரெஞ்சா, டெல்ஃப் சான்றிதழா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து மெட்ரிக் பள்ளிகளில் ஒரு பேச்சு கிளம்பும்: “தமிழுக்குப் பதிலா பிரெஞ்சு எடுத்தா சென்டம் ஈஸி.” இதில் பாதிதான் உண்மை.

மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கும் சட்டம் 2006இல் வந்தது. அதனால் பெரும்பாலான பிள்ளைகள் பிளஸ் ஒன்னில்தான் பிரெஞ்சை அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. கைடை வைத்து மனப்பாடம் செய்தால் மார்க் வரும். ஆனால் அந்த மார்க் எதற்கு? பொறியியல் கட்-ஆஃபில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான் சேரும். மருத்துவத்துக்கு நீட். 600க்கு எத்தனை என்று பள்ளி வைக்கும் ஃப்ளெக்ஸ் பேனருக்கு அது நன்றாக உதவும்!

டெல்ஃப் வேறு ரகம். பிரெஞ்சு மொழித் திறனுக்கு பிரான்ஸ் கல்வி அமைச்சகம் தரும் சான்றிதழ். ஏ1 முதல் பி2 வரை நான்கு படிகள், காலாவதி கிடையாது. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தாலும் ஏதாவது ஒன்றில் 5க்குக் கீழே போனால் ஃபெயில். பி2 பேச்சுத் தேர்வில் கையில் வரும் கட்டுரையைப் படித்து 30 நிமிடத்தில் தயாராகி, சுமார் 20 நிமிடம் சொந்தக் கருத்தைச் சொல்லி வாதாட வேண்டும். அங்கே கைடு கைகொடுக்காது. பிரான்ஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சு வழியில் இளநிலை படிக்கப் பொதுவாகக் கேட்பது இந்த பி2தான். அதற்குச் சுமார் 500 முதல் 650 மணி நேரப் படிப்பு வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பிளஸ் ஒன்னில் தொடங்கும் பிள்ளைக்கு பி1 வந்தாலே பெரிய விஷயம்.

நம் ஊர்ச் சிக்கல் தூரம். பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து டெல்ஃப் தேர்வும் நடத்தும் மையமான அலியான்ஸ் ஃபிரான்சேஸ், நமக்குப் பக்கத்தில் இருப்பது பெங்களூரு வசந்த்நகரில். ஓசூர்க்காரர்களுக்கு 40 கிலோமீட்டர்தான். தர்மபுரிக்கு ரயில் உண்டு. கிருஷ்ணகிரிக்கு அதுவும் இல்லை, பஸ்தான். ஆன்லைனில் படித்துவிட்டுத் தேர்வுக்கு மட்டும் போகலாம். ஆனால் ஹாஸ்டல் பள்ளியில் போன் கூடாது என்றால் ஆன்லைன் வகுப்புக்கு எங்கே போவது? அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பிரெஞ்சுதான் வழி. அதிலும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

சிபிஎஸ்இ பள்ளியிலும் கதை இதே: 80 எழுத்து, 20 அகமதிப்பீடு.

என்னைக் கேட்டால் பள்ளியில் தமிழ், வெளியே டெல்ஃப். செலவு ஆகும், சனி ஞாயிறு போகும். ஆனால் டிஎன்பிஎஸ்சி பக்கம் ஒரு கண் இருக்கும் வீட்டில் தமிழை விடுவது வீண் வம்பு; அங்கே கட்டாயத் தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழி பெரிய பாரமாக இருக்காது என்பது என் எண்ணம்.

அப்புறம், கனடாவில் குடியேறும் கணக்கில் இருப்பவர்களுக்கு: அந்நாட்டின் குடியேற்ற விண்ணப்ப முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு டெல்ஃப் செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுத வேண்டும். அவை இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் பிளஸ் டூவிலேயே எழுதி வைப்பதில் பயனில்லை.